'ஆர்கானா ஹார்ட்': மோதுபவர்கள் எல்லாருமே பெண்கள் - இந்த ஜப்பானிய கேமில் என்ன ஸ்பெஷல்?

சண்டை கேம் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்', 'டெக்கன்' வகையறாதானே? 1991இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'வில் நீங்கள் தேர்ந்தெடுக்கக்கூடியவர்கள் 8 பேர். அதில் பெண் ஒரே ஒருவர்தான், சுன் லீ.

2006 டிசம்பரில் ஜப்பானிய ஆர்கேடுகளுக்கு வந்த 'ஆர்கானா ஹார்ட்' இந்தக் கணக்கை அப்படியே மாற்றியது. எக்ஸாமு என்ற சிறிய நிறுவனம் உருவாக்கிய இந்த கேமில் 11 பேர். 11 பேருமே பெண்கள்.

எப்படி விளையாடுவது?

முதலில் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அவருக்குத் துணையாக ஓர் 'ஆர்கானா'. இது நெருப்பு, நீர், காற்று, இடி, காலம் போன்ற ஏதாவது ஒரு சக்தியைத் தரும் ஆவி. 11 ஆர்கானாவில் யாருக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதாவது, 121 ஜோடிகள்! பின்னர் வந்த மூன்றாம் பாகத்தில் 23 பெண்கள், 23 ஆர்கானா என்று இது 529 ஆனது.

இன்னொரு விஷயம், 'ஹோமிங்'. ஒரு பட்டனை அழுத்தினால் போதும், எதிராளி எங்கே இருந்தாலும் உங்கள் வீராங்கனை அவரை நோக்கிப் பறப்பார். அதனால் சண்டையில் பாதி வானத்தில்தான் நடக்கும்.

எல்லாரும் பெண்கள் என்பதால் என்ன மாறுகிறது?

பத்து ஆண்கள் இருக்கும் டீமில் ஒரே ஒரு பெண் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அவர் என்ன செய்தாலும் "பெண்கள் இப்படித்தான்" என்பார்கள். சண்டை கேம்களிலும் இதே கதைதான். ஒற்றைப் பெண்ணுக்குப் பெரும்பாலும் கிடைப்பது, வேகம் அதிகம், பலம் குறைவு என்ற ரோல்.

இங்கே அந்த ரோலுக்கு வேலையே இல்லை. கமுய் வாள் வீசுகிறார். கொனோஹா நிஞ்ஜா. மேய்-ஃபாங் ஒரு ரோபோ. எதிராளியைப் பிடித்துத் தூக்கி அடிக்கும் முரட்டு வேலையை, வழக்கமாக ஒரு மல்யுத்த வீரருக்குத்தான் தருவார்கள். இங்கே அதைச் செய்வது, ராட்சத ஜெல்லி உருண்டைக்குள் உட்கார்ந்திருக்கும் கீரா என்ற சிறுமி!

அப்போ இது பெண்ணிய கேமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பலரும் பள்ளி மாணவிகள். வரைந்த விதமோ, அழகான அனிமே பெண்களை ரசிக்கும் ரசிகர்களுக்கானது. சில உடைகளும் கேமரா கோணங்களும் உங்களை நெளிய வைக்கலாம். சண்டையில் பெண்களுக்குக் கிடைத்த சுதந்திரம், அவர்களைப் பார்க்கும் பார்வைக்கு வரவில்லை. இரண்டுமே ஒரே கேமில்தான் இருக்கின்றன.

இப்போது விளையாட முடியுமா?

முடியும். பிளேஸ்டேஷன் 2 பதிப்பு அமெரிக்காவுக்கு 2008இல் போனது. மூன்றாம் பாகத்தின் மேம்பட்ட வடிவமான 'சிக்ஸ் ஸ்டார்ஸ்' 2017இல் ஸ்டீமில் வெளியானது. புதிதாக ஆடுபவர் என்றால் ஹார்ட் ஐனோவுடன் தொடங்குங்கள். முதல் நாள் ஹோமிங்கை மட்டும் பழகுங்கள், காம்போ எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.