சுவிட்சை நம்பாதே தம்பி!

"டேய்... கூடத்து டியூப்லைட் மூணு வாரமா மினுக்கு மினுக்குன்னு கண்ணடிக்குது. லீவுலதானே வந்திருக்கே, ஒரு பார்வை பாரேன்!"

சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, சனிக்கிழமை காலையில் குமராட்சியில் வந்து இறங்கிய என்னிடம் காபி டம்ளரோடு அம்மா நீட்டிய முதல் மனு இது.

ஆபீஸில் கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் நின்றாலே 'சிஸ்டம் ஆளைக் கூப்பிடுங்க!' என்று அலறுகிற ஜாதி நான். ஆனால், அம்மா எதிரில் கெத்தை விட்டுக்கொடுக்க முடியுமா? உடனே சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி, இருபது வாட் எல்.இ.டி. டியூப்லைட் செட் ஒன்றை வாங்கி வந்தேன்.

சுவிட்சை அணைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறினேன். இடது கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் சீலிங்கில் பழைய வயரைத் தொட்டதுதான் தெரியும்... அடுத்த விநாடி, மூலையில் அடுக்கியிருந்த நெல் மூட்டை மேல் மல்லாந்து கிடந்தேன்! அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருந்ததால் பிழைத்தேன்.

"சுவிட்சை அணைச்சுட்டுத்தானேடா ஏறினே?" என்று அம்மா பதறினாள்.

அணைத்துவிட்டுத்தான் ஏறினேன். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

எமன் எந்த வயரில்?

தகவல் கேள்விப்பட்டு வந்தார் எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணன். சுவிட்ச் அணைந்தபடியே இருக்க, ஏணியில் ஏறி வயரில் டெஸ்டரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது!

"பாத்தியா தம்பி? சுவிட்சை நியூட்ரல்ல போட்டு வச்சிருக்கான். லைட்டுதான் அணைஞ்சிருக்கு, கரண்ட் இங்கயேதான் குந்தியிருக்கு."

மாடி டேங்க்கிலிருந்து தண்ணீர் இறங்குகிற பைப்பில் வால்வு வைக்காமல், கீழே சாக்கடைக்குப் போகிற ஓட்டையை அடைத்தால் எப்படி? தண்ணீர் ஓடாதுதான். ஆனால், பைப் முழுக்கத் தண்ணீர் நிற்குமே! அதே கதை. கரண்டைக் கொண்டுவருவது ஃபேஸ். திரும்பிப் போகிற வழி நியூட்ரல். சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இது எப்போது மாறியது? 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது வீட்டு வயரிங்கும் நாசமானது. அவசரத்துக்குக் கிடைத்த ஆளைப் பிடித்துச் செய்த வேலை. அன்றிலிருந்து அந்த வயர் எனக்காகக் காத்திருந்திருக்கிறது!

கொள்ளிடத்துக் கரையோர ஊர் வேறு. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் சுவரெல்லாம் ஓதம். ஈரச் சுவரில் கை வைத்துக்கொண்டு 230 வோல்ட்டைத் தொட்டால், கரண்ட் ஒரு கை வழியாக ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கை வழியாக இறங்கும்.

'ஃப்யூஸ் காப்பாற்றாதா?' என்பீர்கள். காப்பாற்றாது. ஐந்து ஆம்பியர் ஃப்யூஸ் வயரைக் காப்பாற்றத்தான். மனுஷனைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்கிற டப்பா. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் அணைந்துவிடும். ஐந்து ஆம்பியர் என்பது அதைப்போல 160 மடங்குக்கும் மேல்!

நாமே மாட்டலாமா?

தாராளமாக. 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே இதற்கு இடம் இருந்தது. பழைய பல்பு, ஃபேன், சுவிட்ச், விளக்குச் செட்டுக்குப் பதிலாக அதே மாதிரி புதியதை மாட்டிக்கொள்ளலாம். புதிதாக லைன் இழுப்பது, வயரிங்கை மாற்றுவது என்றால் லைசென்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும். அண்ணன் எனக்குச் சொல்லித் தந்த பாடம் இதோ:

முதலில் டெஸ்டரையே டெஸ்ட் செய்யுங்கள். கரண்ட் வருகிற ஒரு பிளக்கில் வைத்துப் பாருங்கள். செத்த டெஸ்டரை நம்பி ஏறினவர்கள் உண்டு.

அடுத்து, மெயினை அணையுங்கள். அந்த அறையின் எம்.சி.பி.யை மட்டும் அணைத்தால் போதாது. பல வீடுகளில் அது ஒரு வயரைத்தான் துண்டிக்கும். மெயின் இரண்டையும் துண்டிக்கும். (அம்மாவின் சீரியல் நேரமாகப் பார்த்து அணைக்காதீர்கள். அந்த ஷாக்குக்கு வைத்தியம் கிடையாது!) பெட்டி மேல் 'வேலை நடக்கிறது, தொடாதே' என்று சீட்டு ஒட்டுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிறதா? 2012 வாக்கில் மின்வெட்டு வாட்டி எடுத்தபோது வீட்டுக்கு வீடு வாங்கிப் போட்டோமே, அதுதான் வில்லன். மெயின் அணைந்ததும், 'ஆஹா, கரண்ட் போச்சு!' என்று ஓடி வந்து லைட்டுக்குச் சப்ளை கொடுக்கும். அதையும் அணையுங்கள்.

இப்போது விளக்கின் சுவிட்சைப் போட்டு வைத்துக்கொண்டு, சீலிங்கில் இரண்டு வயரிலும் டெஸ்டரை வையுங்கள். சுவிட்சை அணைத்து வைத்துச் சோதித்தால் உண்மை தெரியாது. இரண்டிலும் எரியவில்லை என்றால்தான் கை வைக்கலாம். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது புத்தகத்தில். பழைய வீட்டில் கலரை நம்பாதீர்கள்.

ஏறுவதற்கு மர ஏணி, காலில் காய்ந்த ரப்பர் செருப்பு, கீழே துணைக்கு ஓர் ஆள். பிளாஸ்டிக் நாற்காலியின் லட்சணத்தைத்தான் பார்த்தோமே!

பழைய வயரின் உறை தொட்டாலே உதிர்கிறதா? அப்படியே இறங்கிவிடுங்கள். அது எலெக்ட்ரீஷியன் வேலை. நன்றாக இருந்தால், முனையில் ஒரு சென்டிமீட்டர் உறையைச் சீவி, கம்பியை முறுக்கி, கனெக்டரில் செருகித் திருகுங்கள். செம்பு வெளியே தெரியக் கூடாது. லேசாக இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. வெறும் முறுக்கு, மேலே டேப் சுற்று என்ற கதையெல்லாம் வேண்டாம். அதுதான் சூடாகி ஒருநாள் புகையும்.

விளக்கின் உடம்பு இரும்பாக இருந்தால் பச்சை வயர் கட்டாயம். மேலே எர்த் வயர் வரவில்லையா? பிளாஸ்டிக் உடம்புள்ள விளக்காக வாங்குங்கள். எர்த்தை நியூட்ரலோடு முடிச்சுப் போடுகிற புத்திசாலித்தனம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கனமான அலங்கார விளக்கு என்றால் ஃபேன் கொக்கியில்தான் தொங்க வேண்டும். வயரில் தொங்கினால் ஒருநாள் தலையில் இறங்கும்.

உங்கள் வீட்டில் எப்படி?

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு ராத்திரியில் மங்கலாக மினுங்குகிறதா? பேய் இல்லை, சுவிட்ச் நியூட்ரலில் மாட்டியிருக்கலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் பாய்ந்து போய்த் தொடாதீர்கள். முதலில் மெயின். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளி விலக்குங்கள். பிறகு 108.

அன்று சாயங்காலத்துக்குள் அண்ணன் வீடு முழுக்கச் சுவிட்சுகளை ஃபேஸுக்கு மாற்றினார். ஆர்.சி.சி.பி.யும் ஏறியது. அவர் கீழே நின்று பார்க்க, புது லைட்டை நான்தான் மாட்டினேன். கூடம் பளீரென்றது.

அம்மா லைட்டைப் பார்க்கவில்லை. என் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருட்டாவே இருந்திருக்கலாம்டா..." என்றாள் மெதுவாக.