சீதன வீடும் சீமை வீடும்

ஆண்டுவிழா மலருக்கு இலண்டனில் வீடு வாங்குவது பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது நாம் சற்றுத் தயங்கினோம். தமிழ்ப்பள்ளி மலரில் மொழியும் கலையும் பேசப்படுவதே முறை. எனினும், சனிக்கிழமைகளிற் பிள்ளைகளை வகுப்பறையில் விட்டுவிட்டு, மண்டபத்தின் பின்புறத்தில் தேநீர்க் கோப்பையுடன் நிற்கும் பெற்றோர் எதைப்பற்றிப் பேசுகின்றனர் என்பதை யாவரும் அறிவர். பாதிப் பேச்சு பதினொரு வயதுத் தேர்வு பற்றியது. மீதி வீடு பற்றியது. அப்பேச்சில் எமக்குக் கிடைக்காதுபோன சில செய்திகளை, பின்வருவோர் பொருட்டு, எம் அனுபவத்தோடு சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

நாம் இருவரும் மணமுடித்த 2011 ஆம் ஆண்டு முதற் பதினொரு ஆண்டுகள் ஈஸ்ட்ஹாமில், ஒரு கடைக்கு மேலுள்ள இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு வாழ்ந்தோம். படியிறங்கினால் முருங்கைக்காயும் இடியப்ப மாவும். சிறிது நடந்தால் மகாலக்ஷ்மி கோவில். குறையென்று சொல்ல அதிகமில்லை. 2022 ஆம் ஆண்டின் கோடையில், வீட்டை விற்கவிருப்பதாகக் கூறி வீட்டுச் சொந்தக்காரர் இரு மாத அறிவித்தல் தந்தார். பிறகு இரங்கித் தவணையை நீட்டினார் என்பதும் உண்மை. ஆயினும் அந்தக் கடிதத்தை வாசித்த இரவில், இனி வாடகை வீடு வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

ஹரோப் பக்கத்தைத் தெரிந்ததற்குத் தொழிலும் உறவினரும் காரணம். மெற்றோபொலிற்றன் புகையிரதம் ஹரோவை 1880 இல் அடைந்தது. அந்த நிறுவனம் 1915 முதல் 'மெற்றோலாண்ட்' என்ற பெயரில் அப்பகுதிகளை விளம்பரப்படுத்த, இரு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வயல்கள் இருந்த இடத்தில் இரட்டை வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. ஒரே சுவரின் இருபுறமும் இரண்டு குடும்பங்கள். முன்னே வளைந்த சாளரம், பின்னே நீண்ட தோட்டம். தோட்டத்தைக் கண்டதும் கறிவேப்பிலையை நினைக்காத தமிழர் இலர்.

வீடு தேடுவோர் முதலில் அறியவேண்டியது பிறீஹோல்ட், லீஸ்ஹோல்ட் என்னும் வேறுபாடு. முன்னது நிலமும் வீடும் என்றென்றைக்கும் சொந்தமாவது. பின்னது குறித்த ஆண்டுகளுக்கான குத்தகை உரிமை. தொடர்மாடிகள் பெரும்பாலும் இவ்வகையின. குத்தகையில் 80 ஆண்டுகளுக்குக் குறைவாக எஞ்சியிருந்தால், அதை நீடிக்கும் செலவு வெகுவாக ஏறுவதோடு கடன் கிடைப்பதும் கடினமாகும். விலை மலிவென்று மகிழுமுன் எத்தனை ஆண்டுகள் மீதம் என்று கேட்கவேண்டும்.

நாம் தேடத் தொடங்கிய வேளை நல்வேளையன்று. 2022 செப்டெம்பர் 23 அன்று அப்போதைய நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் பெரும் வரிக்குறைப்பை அறிவித்தார். அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்ற ஐயத்தில் அரச கடன் பத்திரங்களின் வட்டி பாய்ந்தேறியது. வீட்டுக்கடன் தரும் நிறுவனங்கள் அந்த வட்டியைப் பார்த்தே தம் நிலையான வட்டியைத் தீர்மானிப்பன. ஒரு வாரத்துக்குள் நூற்றுக்கணக்கான கடன் திட்டங்கள் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டன. எமக்கு வாய்ச்சொல்லாகக் கிடைத்திருந்ததும் அவற்றுடன் போயிற்று. ஒக்ரோபரில் ஈராண்டு நிலையான வட்டியின் சராசரி 6 சதவீதத்தைத் தாண்டியது.

இது என்ன புதுமை என்று மூத்தோர் கேட்பர். 1989 ஒக்ரோபரில் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டியே 15 சதவீதத்தை எட்டியது. 1991 இல் மாத்திரம் ஏறத்தாழ 75 ஆயிரம் வீடுகள், தவணை கட்ட இயலாமையாற் கடன் நிறுவனங்களின் வசமாயின. அக்காலத்தில் இரண்டு வேலை பார்த்து வீட்டைக் காத்த பெரியவர்கள் இப்பள்ளியின் பாட்டன் பாட்டிமாரிடையே இருக்கின்றனர். ஆனால் அன்றைய வீட்டு விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள தூரத்தையும் அவர்கள் நினைக்கவேண்டும். நாம் இறுதியிற் பெற்ற கடன் 486,000 பவுண். ஐந்தாண்டு நிலையான வட்டி 4.6 சதவீதம், முப்பது ஆண்டுத் தவணையில் மாதந்தோறும் ஏறக்குறைய 2,490 பவுண். அதே கடனுக்கு வட்டி 6.5 ஆக இருந்திருப்பின் 3,070 ஆகியிருக்கும்.

2023 தையில் ஒரு வீட்டுக்கு விலை பேசி, விற்பவரும் ஒப்புக்கொண்டார். இனிப்பு வாங்கி உறவினருக்குக் கொடுத்தோம். ஐந்தாவது வாரத்தில் வேறொருவர் கூடுதல் விலை சொல்ல, வீடு அவர்பாற் போயிற்று. ஊரில் அச்சாரம் வாங்கிய பின் வாக்கு மாறினால் ஊரே பேசும். இங்கிலாந்திலோ காணி விற்பனை ஒப்பந்தம் எழுத்தில், இரு தரப்பினரின் கையொப்பத்துடன் இருந்தாலன்றிச் செல்லாது என்று 1989 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஒப்பந்தங்கள் பரிமாறப்படும் நாள்வரை எவரும் எக்காரணமுமின்றி விலகலாம். அந்நாளில், வழமையாக விலையின் பத்திலொரு பங்கைக் கட்டிய பின்னரே இரு தரப்பும் கட்டுண்ணும். ஆகவே பரிமாற்றம் முடியுமுன் இனிப்பு வாங்காதிருத்தல் நன்று. சர்வேக்கும் சட்டத்தரணிக்கும் கொடுத்த பணம் எமக்குத் திரும்பவில்லை.

சித்திரையில் இரண்டாவது வீடு அமைந்தது. விலை 540,000 பவுண். சர்வே அறிக்கை நாற்பது பக்கம். அதை நம்பி வாசித்தால் எவரும் எவ்வீட்டையும் வாங்கார். கவனிக்கவேண்டியவை சிலவே: கூரை, ஈரம், மின்கம்பிகள், வெடிப்பு. இலண்டனின் களிமண் கோடையிற் காய்ந்து சுருங்குவது. அருகிலே பெருமரம் இருப்பின் இன்னுஞ் சுருங்கும். எம் வீட்டின் வளைந்த சாளரத்தின் மேலே ஒரு பழைய வெடிப்பு இருந்தது. அது நெடுங்காலமாக வளரவில்லை எனப் பொறியியலாளர் ஒருவர் எழுதித் தந்த பின்னரே முன்னே சென்றோம்.

அடுத்து வந்தது பணத்தின் பூர்வீகம். பணம் எங்கிருந்து வந்ததென்பதைச் சட்டத்தரணி சான்றுகளுடன் அறிந்தேயாகவேண்டும். கறுப்புப் பணத்தைத் தடுக்கும் விதிகள் அவ்வாறு பணிக்கின்றன. நம்மவருட் பலர் முற்பணத்தைச் சீட்டுக் கட்டியே சேர்க்கின்றனர். நாமும் 12,000 பவுண் சீட்டெடுத்து வைத்திருந்தோம், காசாக. நம்பிக்கையின்பேரில் நடந்த அச்சீட்டுக்கு ஒரு பயிற்சிக் கொப்பியைத் தவிர வேறு சான்றில்லை. சட்டத்தரணி அதை ஏற்க மறுத்துவிட்டார். கோபம் வந்தது, அவரிற் பிழையில்லை என்பது பின்னரே விளங்கியது. ரொறன்ரோவிலுள்ள தமையனார் வங்கி மூலம் அத்தொகையை அனுப்பி, இது கடனன்று, அன்பளிப்பு, வீட்டில் எனக்கு உரிமையில்லை என்று கையொப்பமிட்ட கடிதமும் தந்தார். சீட்டுக் காசு தரைவிரிப்புக்கும் சமையலறைத் திருத்தத்துக்கும் போயிற்று.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம்.

முத்திரைவரியில் முதன்முறை வீடு வாங்குவோருக்குச் சலுகையுண்டு. 2023 இல் நடைமுறையிலிருந்த விதிப்படி 425,000 பவுண்வரை வரியில்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 5 சதவீதம். எமது விலைக்கு 5,750 பவுண் எனக் கணக்கிட்டு வைத்திருந்தோம். படிவத்தை நிரப்பும்போது சட்டத்தரணி கேட்டார்: "உங்களில் எவரேனும் உலகின் எப்பகுதியிலாவது வீட்டுரிமை பெற்றதுண்டா?"

உண்டு. கொக்குவிலில் மூன்று பரப்புக் காணியும் கல்வீடும், 2011 இல் எழுதப்பட்ட சீதன உறுதியின்படி எம்மில் மனைவியாயிருப்பவருக்கு உரியவை. அவருடைய தாயார், அதாவது மற்றவரின் மாமி, அங்கே வாழ்கிறார். எம் நினைவில் அது என்றும் மாமியின் வீடு. சட்டத்தின் கண்ணிலோ அது உரிமையாளர் இலண்டனில் வாழும் ஒரு வீடு. விலைக்கு வாங்கியது மட்டுமன்று, நன்கொடையாகவும் முதுசமாகவும் பெற்ற வீடும், வீட்டின் ஒரு பங்குங்கூட, முதன்முறை வாங்குவோர் என்ற தகுதியை இழக்கச் செய்யும்.

அதனினும் பெரிய ஆபத்தொன்று பின்னால் நின்றது. வேறொரு வீட்டை வைத்துக்கொண்டு மேலுமொரு வீடு வாங்குவோர், வழமையான வரிக்கு மேலாக, விலை முழுவதற்கும் அன்று 3 சதவீதம் கூடுதலாகக் கட்டவேண்டும். இதிற் கணவனும் மனைவியும் ஒருவராகவே கொள்ளப்படுவர். ஆனால் பழைய வீட்டின் உரிமை 40,000 பவுணுக்குக் குறைந்த பெறுமதியுடையதாயின் அது கணக்கில் வராது. யாழ்ப்பாணத்தில் ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்தினோம். அவர் எழுதித் தந்த பெறுமதி ஒரு கோடியே இருபது இலட்சம் ரூபா. அன்றைய நாணயமாற்றில் முப்பதாயிரம் பவுணைச் சற்றுத் தாண்டியது. கூடுதல் வரி 16,200 பவுண் அவ்வாறு தவிர்ந்தது. சலுகையற்ற வழமையான வரி 14,500 பவுண் எஞ்சியது.

"கொக்குவில் உறுதியை இலண்டனில் எவர் தேடப்போகிறார், இல்லையென்று எழுதிவிடுங்கள்" என உறவினர் சிலர் ஆலோசனை கூறினர். படிவத்தைச் சட்டத்தரணி அனுப்பினாலும் பொறுப்பு வாங்குபவருடையதே. அறிந்தே பொய்யுரைத்தால் இருபது ஆண்டுகள்வரை வரித்திணைக்களம் திரும்பிப் பார்க்கலாம். எமக்கு அது வேண்டாமென்றிருந்தது.

ஆனால் சட்டத்துக்கு முற்றிலும் உடன்பட்ட வழியும் ஒன்றிருந்தது. முதன்முறைச் சலுகைக்கு வாங்குபவரின் தகுதியே பார்க்கப்படும். கொக்குவில் வீடு கூடுதல் வரிக்குக் கணக்கில் வராதமையால், கணவர் பெயரில் மாத்திரம் வாங்கினால் 5,750 உடன் முடியும். 8,750 பவுண் மிச்சம். கடனை இருவரும் ஏற்று, உரிமையை ஒருவர் மாத்திரம் பெறும் ஏற்பாட்டைச் சில கடன் நிறுவனங்கள் அனுமதிப்பதுமுண்டு.

இரண்டு வாரங்கள் இதைப்பற்றிப் பேசினோம். சில இரவுகளிற் பேசாமலும் இருந்தோம். தேசவழமைச் சட்டத்திற் பெண்ணின் சீதனம் பெண்ணுக்கே உரியது. அதேவேளை 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஊரில் தன் பெயரில் வீடிருந்தும் தனித்து விற்கமுடியாத ஒருவர், இங்கே முப்பதாண்டுக் கடனுக்குக் கையொப்பமிட்டும் வீட்டில் பெயரற்றிருப்பதா? இக்கேள்வியை முதலிற் கேட்டவர் மனைவியல்லர் என்று எழுதினால் எம்மில் ஒருவருக்குப் பெருமையாயிருக்கும். ஆனால் கேட்டவர் அவரே. இருவர் பெயரிலும் வாங்கினோம். 8,750 பவுணை இன்னும் அவ்வப்போது நினைப்பதுண்டு.

இருவர் பெயரில் வாங்குவதிலும் இரு வகையுண்டு. ஒன்று, பங்கு பிரிக்காது கூட்டாக உரிமைகொள்வது. ஒருவர் மறைந்தால் முழுவதும் மற்றவருக்குத் தானாகவே சேரும். மற்றது, பங்குவீத உரிமை. மறைந்தவரின் பங்கு அவரது மரணசாசனப்படி செல்லும். பெற்றோர் அல்லது சகோதரர் பணமிட்டிருந்தால் இரண்டாவது பொருந்தலாம். நாம் முதலாவதைத் தெரிந்தோம்.

இவ்வெண்கள் இன்று மாறிவிட்டன என்பதை வாசகர் கவனிக்கவும். கூடுதல் வரி 2024 ஒக்ரோபர் 31 முதல் 5 சதவீதமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் முதன்முறைச் சலுகை 500,000 பவுணுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இல்லை. அவ்விதிகளின்படி எமது வீட்டுக்கு வழமையான வரி 17,000 பவுண். கொக்குவில் வீடு 40,000 பவுணை எட்டியிருப்பின் 44,000. ஊரிற் காணி விலை ஏறுகிறது. சீதன வீடோ முதுச வீடோ உள்ளவர்கள் விலை பேசுமுன்னரே தத்தம் சட்டத்தரணியிடம் உசாவுதல் நலம்.

2023 ஆடி மாதக் கடைசியில் திறப்பு கைக்கு வந்தது. பால் காய்ச்சினோம், புகை எச்சரிக்கை மணி அலறியது. பிள்ளைகள் அடுத்த பருவத்தில் இப்பள்ளியிற் சேர்ந்தனர்.

மாமி தொலைபேசியிற் கேட்ட முதற் கேள்வி, "உறுதி கையில கிடைச்சிட்டுதோ?" என்பது. அவருடைய உறுதி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் கையொப்பமிட்டது. இடப்பெயர்வுகளின்போது பிஸ்கற் தகரத்தில் வைத்து அவர் சுமந்து திரிந்த தாய் உறுதிகளும் அதனுடன் உள்ளன. இங்கே அப்படியொன்றில்லை என்று விளக்குவது எளிதாயிருக்கவில்லை. இங்கிலாந்தின் காணிப் பதிவகம் 1862 இல் தொடங்கியது. 1990 டிசெம்பர் முதல் விற்கப்படும் காணிகள் நாடெங்கும் கட்டாயமாகப் பதியப்படுகின்றன. அதே மாதம் முதல் அப்பதிவேட்டை எவரும் பார்வையிடலாம். 2003 இலிருந்து காணிச் சான்றிதழ் என்னும் தாளும் வழங்கப்படுவதில்லை. பதிவகத்தின் ஏட்டில் உள்ளதே உரிமை. ஏட்டில் மூன்று பகுதிகள்: காணியின் விபரம், உரிமையாளரின் பெயர்கள், காணி மீதுள்ள கடன். எவரேனும் அதில் மாற்றம் கோரினால் மின்னஞ்சலில் அறிவிக்கும் இலவச சேவையொன்றும் பதிவகத்தில் உண்டு. அதற்குப் பெயர் கொடுத்து வைப்பது நல்லது.

ஏட்டின் பிரதியொன்றை மூன்று பவுண் கட்டி எடுத்து, பிளாஸ்ரிக் உறையிட்டு, ஊருக்குப் போன நண்பர் ஒருவரிடம் மாமிக்குக் கொடுத்தனுப்பினோம். மகளின் பெயர் எங்கேயிருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு வாசிப்பித்தாராம். பிறகு எம்மை அழைத்து, "எல்லாம் சரி, சாட்சிக்கு ஆர் கையெழுத்து வைச்சது?" என்று கேட்டார். விற்றவரின் கையொப்பத்துக்கு யாரோ ஓர் அயலவர் சாட்சியாக நின்றிருக்கவேண்டும். அவரை எமக்குத் தெரியாது என்றோம். மாமிக்கு அது திருப்தியளிக்கவில்லை. எனினும் அந்தத் தாள் இப்போது பிஸ்கற் தகரத்தில், கொக்குவில் உறுதிக்கு மேலே இருக்கிறது.