தன்னை இகழும் நெஞ்சமும் காதல் வாழ்வும்

கதைகளிலே காதலுக்குப் பகைவர் பலர். பெற்றோர், சாதி, செல்வம், ஊர்ப்பழி என அவர்களை எளிதில் எண்ணிவிடலாம். இவற்றுள் ஒன்றும் குறுக்கே நில்லாதபோதும், இருவரிடத்தும் அன்பு குறையாதபோதும், சில வாழ்வுகள் முறிந்துபோகின்றன. அது ஏன்?

கொக்குவிலின் சுருட்டுக் கொட்டில்களில் முன்னாளிலே ஒருவர் பத்திரிகையையும் கதையையும் உரக்க வாசிக்க, ஏனையோர் கேட்டவாறே சுருட்டுச் சுற்றுவது வழக்கம். கதை கேட்போர் எவரும் முதலில் தேடுவது, தீயவன் யார் என்பதையே. புதுமைப்பித்தன் 1943ஆம் ஆண்டிலே கலைமகளில் எழுதிய 'சாபவிமோசனம்' என்னும் சிறுகதையிலோ, அத்தேடலுக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை.

இராமன் திருவடி பட்டு அகலிகை மீண்டும் பெண்ணாகிறாள். கோதமன் அவளை மனமார ஏற்றுக்கொள்கிறான். பழைய கதை இங்கே முடிகிறது; புதுமைப்பித்தனின் கதையோ இதன்பின்னரே விரிகிறது. உலகம் மன்னித்தும் அகலிகையால் தன்னை மன்னிக்க முடியவில்லை. ஒரு சொல்லைச் சொல்லுமுன் பலமுறை மனத்துள் சொல்லிப் பார்க்கிறாள். கணவன் இயல்பாகக் கூறும் சொல்லிலும் உட்பொருள் உண்டோ என்று நடுங்குகிறாள். எதிர்ப்படும் ஆடவர் முகங்களில் இந்திரனையே காண்கிறாள்.

கோதமன் நிலையும் இதுவே. சினத்தால் சாபமிட்ட தானே மாசுற்றவன், அவளுக்குத் தகுதியற்றவன் என அவன் கருதுகிறான். ஆகவே ஒருவரை ஒருவர் உயர்த்தி, தம்மைத் தாழ்த்திக்கொண்ட இருவர் ஒரே குடிலில் வாழ்கின்றனர். அன்பு உண்டு, அதனை அச்சமின்றிப் பெற்றுக்கொள்ளும் நெஞ்சுரம் இல்லை.

தன்னை இகழ்பவருக்குப் பிறர் காட்டும் பரிவு இரக்கமாகத் தோன்றும். மௌனம் குற்றச்சாட்டாகக் கேட்கும். அன்பு செய்பவரோ, எதைச் சொன்னாலும் புண்படுமே என்று அளந்து பேசத் தொடங்குவார். இவ்வாறு இருவரிடையே இயல்பு மறைகிறது.

இந்தத் தாழ்வுணர்ச்சி தானே முளைப்பதன்று. ஈழத்துத் திறனாய்வாளர் பேராசிரியர் க. கைலாசபதியும் அகலிகையின் கதையைக் கற்பு நெறியோடு இணைத்து ஆராய்ந்தார். வெளியே இருந்த ஊர்ப்பழி உள்ளே குடிபுகுந்து, நம் குரலிலேயே பேசத் தொடங்குவதுதான் தன்னிகழ்ச்சி. சீதை தீக்குளித்த செய்தியைச் சீதையின் வாயாலேயே கேட்டபோது அகலிகை உடைந்துபோவது அதனாலேயே. தன்னை மீட்டவனே மனைவியிடம் சான்று கேட்டான் என்றால், தனக்குக் கிடைத்த விடுதலைக்கு உறுதி ஏது? இறுதியில், ஆசையோடு தன்னை அணைக்கும் கோதமனையே இந்திரனாகக் கண்டு அவள் மீண்டும் கல்லாகிறாள். கோதமன் துறவு பூண்டு நடக்கிறான்.

'நான் உன்னை மன்னித்தேன்' என்னும் சொல் பெரிது. ஆயினும் அச்சொல்லிலும் குற்றம் என்பது நிலைபெற்றே இருக்கிறது. துணைவரின் நெஞ்சம் தன்னைத்தானே தாழ்த்திக்கொள்ளும்போது அதற்கு வேண்டுவது மன்னிப்பன்று. நீ எனக்கு நிகர் என்று நாள்தோறும் உணர்த்தும் ஒழுக்கமேயாகும்.