கியர் ஏன் உதறுகிறது?

திருப்பூணித்துறையிலிருந்து வைட்டிலா அதிக தூரம் இல்லை. ஆனால் காலை நேரத்தில் காரில் போய்ப் பாருங்கள். கார் நகரும், நிற்கும், மறுபடி நகரும். கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் கடுக்கும். அதனால்தான் பலர் ஆட்டோமேட்டிக் கியர் கார் தேடுகிறார்கள். புதிது வாங்கப் பணம் போதாதவர்கள் பழைய காரைப் பார்க்கிறார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது கார் உதறுகிறது. விற்பவர் சொல்வார்: "ஆட்டோமேட்டிக் என்றால் கொஞ்சம் உதறத்தான் செய்யும், சேட்டா."

இது பாதி உண்மை. மறு பாதிதான் நம் சேமிப்பை விழுங்கிவிடும்.

ஆட்டோமேட்டிக் கியரில் பல வகை உண்டு. ஒன்று ஏ.எம்.டி. 2014-இல் மாருதி செலெரியோ காரில் இது வந்தது. உள்ளே இருப்பது சாதாரண கியர்பெட்டியும் கிளட்சும்தான். நம் காலும் கையும் செய்யும் வேலையை ஒரு கருவி செய்கிறது. கியர் மாறும் நொடியில் இழுவை விட்டுப்போகும். லேசாகத் தலை முன்னே போய் வரும். அது இயல்புதான்.

இன்னொரு வகை டார்க் கன்வர்ட்டர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றைச் சுழல விட்டால் அந்தக் காற்றில் மற்றதும் சுழலும். இங்கே காற்றுக்குப் பதில் ஆயில். இந்த வகையில் கியர் மெத்தென்று மாற வேண்டும். உதறினால் ஏதோ கோளாறு இருக்கிறது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காரைப் பாருங்கள். பானெட்டைத் தொட்டால் சூடா இருக்கிறதா? இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். சூடான கார் சில குறைகளை மறைத்துவிடும்.

பிரேக்கை மிதித்தபடி 'ஆர்', பிறகு 'டி' போடுங்கள். 'டங்' என்று அடிக்கிறதா? எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கலாம். மாற்ற அதிகம் செலவாகாது. பாலம் ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, ஆனால் வேகம் கூடவில்லையா? உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. இது பெரிய செலவு.

கியர் ஆயிலில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தாளில் விடச் சொல்லுங்கள். டார்க் கன்வர்ட்டர் கார்கள் பலவற்றில் புது ஆயில் சிவப்பாக இருக்கும். கறுத்து, தீய்ந்த வாசனை வந்தால் உள்ளே தட்டுகள் தேய்ந்து கருகுகின்றன. பால் டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

நம் பக்கத்தில் இதை மறக்கவே கூடாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நெடும்பாசேரி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. ஆலுவா, பறவூர் பக்கம் வீடுகளோடு கார்களும் மூழ்கின. கியர்பெட்டிக்கு மூச்சு விட ஒரு சிறு துளை உண்டு. வெள்ளத்தில் நின்றால் அதன் வழியே தண்ணீர் இறங்கும். தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் பூச்சு ஊறி உரியும். வெளியே பாலிஷ் போட்டால் கார் புதிதுபோல மின்னும். ஆனால் தரைவிரிப்பைத் தூக்கினால் சேறு தெரியும். சீட்டுக்கு அடியில் துரு தெரியும்.

கடைசியாக ஸ்கேனர். மெக்கானிக் அதைக் காரில் செருகினால் கோளாறு எண்கள் தெரியும். விற்பவர் முன்பே அவற்றை அழித்திருக்கலாம். ஆகவே முதலில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். பிறகு செருகச் சொல்லுங்கள்.