மடிப்பது பெற்றோர் பொறுப்பு, நிற்பது பஸ்ஸின் பொறுப்பு

தம்புள்ளைக்கு ரயில் இல்லை. ரயிலில் வருபவர்கள்கூட ஹபரணையிலோ கண்டியிலோ இறங்கி பஸ் பிடித்துத்தான் இங்கே வந்து சேர வேண்டும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியும், அம்பேபுஸ்ஸையில் தொடங்கித் திருகோணமலை போகும் ஏ-6 வீதியும் சந்திக்கும் ஊர் என்பதால் பஸ்ஸுக்கு இங்கே பஞ்சமில்லை. பார்க்க வேண்டியவையும் கிட்டக்கிட்டவே இருக்கின்றன. ஊருக்குள்ளேயே 1991 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த குகை விகாரை. சுமார் 20 கிலோமீற்றரில் 1982 இல் அதே பட்டியலில் இடம்பெற்ற சிகிரியா. அதைத் தாண்டினால் மின்னேரியாவின் யானைகள். வெளிநாட்டுக் குடும்பங்கள் டிஸ்னி போன்ற பொழுதுபோக்குப் பூங்காக்களில் மூன்று நாள் கழிப்பதுபோல, நம் குடும்பங்கள் பாடசாலை விடுமுறையில் இந்த வட்டாரத்தைச் சுற்றி வருகின்றன. சொந்த வாகனமும் வாடகை வானும் இல்லாத, கைப்பிள்ளை உள்ள குடும்பத்துக்குப் புறப்படும்போதே ஒரு கேள்வி எழுகிறது. ஸ்ட்ரோலர் என்று சொல்லப்படும் பிள்ளைத் தள்ளுவண்டியைக் கொண்டுபோவதா, வீட்டில் விடுவதா? கொண்டுபோனால் பஸ்ஸில் அதை எப்படி ஏற்றுவது, யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். இலகுவாக மடியும் சிறிய வண்டியென்றால் கொண்டு வரலாம். பஸ் வருமுன் அதை மடித்து, பிள்ளையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். விரித்த வண்டியோடு இந்த பஸ்களில் ஏற முயல்வது சக பயணிகளுக்கு இடைஞ்சல், பிள்ளைக்கு ஆபத்து. அதேவேளை, மடிக்கச் சொல்வது ஓர் உடன்பாடு; உடன்பாட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. மடித்தவர் ஏறி, ஆசனத்தில் அமரும்வரை பஸ் நிற்க வேண்டும்; மடித்ததை வைக்க ஓர் இடமும் வேண்டும். இந்த இரண்டாம் பாதியை நம் பஸ்கள் அநேகமாக மறந்துவிடுகின்றன. தள்ளுவண்டி பற்றிய சச்சரவெல்லாம் இடத்தைப் பற்றியது என்று நாம் நினைக்கிறோம். உற்றுப் பார்த்தால் அதில் பெரும்பங்கு நேரத்தைப் பற்றியது.

மடிப்பது ஏன் சரி என்பதற்கு பஸ்ஸின் அமைப்பே சான்று. நம் வீதிகளில் ஓடும் லேலண்ட், டாட்டா பஸ்கள் பெரும்பாலும் லொறியின் அடிச்சட்டத்தில் உடல் கட்டப்பட்டவை. எஞ்சின் முன்னால், சாரதிக்குப் பக்கத்தில். பயணிகள் நிற்கும் தளம் உயரத்தில். இந்திய நகர பஸ்களுக்கான தர விதிகள் தள உயரத்தை 400, 650, 900 மில்லிமீற்றர் என்று வகுக்கின்றன. நம்முடைய சாதாரண பஸ் இவற்றில் உயர்ந்த வகையைச் சேர்ந்தது. முதற்படியே முழங்காலை எட்டும். அடுத்தடுத்த படிகள் ஒடுங்கியவை. பிடித்து ஏற ஒரு கை கட்டாயம் வேண்டும். நெருக்கடி நேரத்தில் நடைபாதையிலும் மடிப்பு ஆசனங்களை இழுத்துப் போடும் ரோசா வகைச் சிறிய பஸ்களில் நிலைமை இன்னும் இறுக்கம். லண்டனிலும் சிங்கப்பூரிலும் விரித்த வண்டியை பஸ்ஸில் அனுமதிக்கிறார்கள் என்றால், அங்கே தளம் தாழ்வு, சக்கர நாற்காலிக்கென ஒதுக்கிய திறந்த இடமும் உண்டு. அப்படி எதுவும் இல்லாத பஸ்ஸில், வளைவிலோ திடீர் பிரேக்கிலோ விரித்த வண்டி பிள்ளையோடு கவிழும்.

மடிப்பதை ஏழை நாட்டின் குறையாகவும் கொள்ள வேண்டியதில்லை. இன்றைய இலகு ரக வண்டியின் மூலவரே பயணத்தை மனதில் வைத்துத்தான் அதைச் செய்தார். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரத் தாங்கி வடிவமைப்பில் பங்கேற்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் ஓவன் மெக்லாரன், 1965 இல் அலுமினியக் குழாய்களைக் கொண்டு, குடைபோல் மடியும் வண்டியை உருவாக்கினார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. பின்னர் வந்த நாகரிக வண்டிகள்தாம் பருத்துப் பெருத்தன. புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டே 2019 மே 1 முதல் 79 சென்ரிமீற்றர் அகலத்தையும் 132 சென்ரிமீற்றர் நீளத்தையும் தாண்டும் வண்டிகளைப் பூங்காக்களுக்குள் தடை செய்ய வேண்டியதாயிற்று. அங்கே மொனோரயிலிலும் ஸ்கைலைனர் கம்பிவடக் கூண்டிலும் வண்டியை விரித்தபடியே ஏற்றலாம். பஸ்ஸில் ஏறுவதென்றால் மடித்தாக வேண்டும். உலகத்தின் மிகப் பெரிய பொழுதுபோக்கு நிறுவனங்களில் ஒன்று பஸ் விடயத்தில் வந்து நிற்கும் இடமும் நம்முடைய இடமும் ஒன்றுதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. விருந்தினருக்கு அந்த பஸ் இலவசம். ஒரு பயணி கூடினாலும் குறைந்தாலும் சாரதியின் அன்றைய வருமானம் மாறுவதில்லை. ஆகவே ஒரு குடும்பம் மடித்து முடிக்கும்வரை காத்திருப்பதால் அவருக்கு நட்டமில்லை.

இங்கே நட்டம் உண்டு. பிரச்சினையின் வேர் அதில்தான் இருக்கிறது. வண்டியை மடிப்பது என்பது என்னென்ன வேலை என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் வாரைக் கழற்றித் தூக்க வேண்டும். கைப்பிடியில் தொங்கும் பால்மாப் பையை எடுக்க வேண்டும். எடுக்காமல் பிள்ளையைத் தூக்கினால் வண்டி பின்பக்கம் சாய்ந்துவிடும். கீழே காலால் மிதிக்கும் பூட்டைத் தட்டி, சட்டத்தை மடக்கி, பக்கத்துக் கொக்கியை மாட்ட வேண்டும். தனியாக வரும் தாய்க்கு ஒரு கை பிள்ளைக்கே போய்விடுகிறது. மடித்து வைத்துக்கொண்டே காத்திருந்தாலும், பிள்ளை, பை, வண்டி மூன்றையும் முழங்கால் உயரப் படியில் ஏற்ற அரை நிமிடமாவது வேண்டும். அதற்குள் "இஸ்ஸரஹட்ட யன்ன" (முன்னால் போங்கள்) என்ற நடத்துநரின் குரல் எழும். பஸ் உருளத் தொடங்கிவிடும். இதை அவருடைய குணக்குறையாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை. 1958 ஜனவரி 1 இல் அரசுடைமையாக்கப்பட்ட பஸ் சேவைக்குள் 1979 இல் தனியார் மீண்டும் வந்தார்கள். அந்த பஸ்களில் சாரதி, நடத்துநர் வருமானம் பெரும்பாலும் நாள் வசூலில் தங்கியிருக்கிறது. பின்னால் வரும் பஸ் முந்தினால் அடுத்த தரிப்பிடத்துப் பயணிகள் அதற்குப் போய்விடுவார்கள். தாய் வண்டியை ஏற்றும் அரை நிமிடத்துக்கு நடத்துநர் தன் பையிலிருந்து விலை கொடுக்கிறார்.

"நம் தாய்மார் இடுப்பில் வைத்து வளர்க்கவில்லையா, இதெல்லாம் வெள்ளைக்காரப் பழக்கம்" என்பது முதலில் வரும் ஆட்சேபம். இடுப்பில் வைத்து வளர்த்தது உண்மை. அன்று அந்த இடுப்பை மாற்றிக்கொள்ள அம்மம்மாவும் சித்தியும் மாமியும் கூட வந்தார்கள் என்பதும் உண்மை. இன்று தம்புள்ளையில் இறங்கும் குடும்பம் பெரும்பாலும் இருவரும் ஒரு பிள்ளையும்தான். இரண்டு வயதுப் பிள்ளையின் நடுத்தர எடை உலக சுகாதார நிறுவன அளவீட்டில் சுமார் 12 கிலோ, ஏறத்தாழ சீமெந்து மூட்டையில் கால்வாசி. உலர் வலய வெயிலில் அதை நாள் முழுக்கத் தூக்குவது, சத்திர சிகிச்சையில் பிள்ளை பெற்ற தாய்க்கும் பேரனைக் கூட்டிவரும் தாத்தாவுக்கும் பழக்கத்தின் பெயரால் விதிக்கும் தண்டனை. பிள்ளைக்கு அந்த வண்டி படுக்கை, நிழல் இரண்டுமே. அது இல்லாவிட்டால் மதியத்துக்குப் பின் சுற்றுலாவே முடிந்துவிடும்.

அடுத்த ஆட்சேபம் வலுவானது: பார்க்க வருவது மலைகளை, மலையில் படிகள், படியில் வண்டி எதற்கு? சிகிரியாவில் சுமார் 1,200 படிகள். குகை விகாரை இருக்கும் பாறை சமவெளியிலிருந்து ஏறக்குறைய 160 மீற்றர் உயர்கிறது. அங்கே வண்டி பாரந்தான். பிள்ளையை மார்போடு கட்டிக்கொள்ளும் பைதான் ஏற்றது. ஆனால் நாளின் கணக்கைப் பாருங்கள். ஏறி இறங்க இரண்டு மூன்று மணி நேரம். மீதி நேரம் பஸ் நிலையத்தில், சாப்பாட்டுக் கடையில், தங்குமிட வீதியில், காசியப்ப மன்னன் காலத்து நீர்த்தோட்டங்களின் பெரும்பாலும் சமதளமான பாதையில் போகிறது. வண்டி உதவுவது அந்த மீதி நேரத்துக்கு. மலையடிவாரத்தில் அதை யாரிடம் விடுவது என்பதே தீர்க்க வேண்டிய கேள்வி. குகை விகாரை வாசலில் செருப்பைக் காவல் வைக்க நீண்டகாலமாக ஏற்பாடு உண்டு. சிறு தொகை கொடுத்துவிட்டுப் போகிறோம். அதே மேசைக்குப் பக்கத்தில் ஒரு கம்பித் தட்டி போட்டால் மடித்த வண்டிகளுக்கும் காவல் கிடைக்கும். குரங்குகளிடமிருந்து பிஸ்கட் பையும் தப்பும்.

நின்றுகொண்டே பயணிக்கும் கூட்டத்தில் வண்டிக்கு இடம் கேட்பது சுயநலம் என்று வேறு சிலர் சொல்வார்கள். விரித்த வண்டிக்கு அது பொருந்தும். இருவர் நிற்கும் இடத்தை அது விழுங்கும். மடித்த வண்டி ஒரு பயணப்பையை விடப் பெரிதல்ல. தம்புள்ளை 1999 முதல் நாட்டின் பெரிய மரக்கறி மொத்தச் சந்தையான பொருளாதார மத்திய நிலையத்தைக் கொண்ட ஊர். சாக்குகளும் பெட்டிகளும் பஸ்ஸில் ஏறுவது இங்கே யாருக்கும் புதுமையில்லை. எஞ்சின் மூடிக்குப் பக்கத்திலோ பின் ஆசனத்துக்குக் கீழோ அவற்றுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. மூட்டைக்குக் கிடைக்கும் மூலை மூன்று கிலோ வண்டிக்கும் கிடைக்கும். தேவையென்றால் பொதிக் கட்டணமும் வாங்கட்டும். முச்சக்கரவண்டி இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வரி போதும்: அதன் வாடகை பஸ் கட்டணத்தைப் போல் பல மடங்கு, பொதுப் போக்குவரத்து என்பதே அந்த மடங்கைக் கட்ட முடியாதவர்களுக்காக.

எல்லாவற்றிலும் கூர்மையான ஆட்சேபம் மாற்றுத்திறனாளிகள் பக்கமிருந்து வருகிறது: தள்ளுவண்டிக்கு இடம் கேட்டால் சக்கர நாற்காலியின் இடம் போய்விடாதா? இங்கிலாந்தில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது. 2012 பெப்ரவரியில் வெதர்பியிலிருந்து லீட்ஸ் செல்லும் பஸ்ஸில், சக்கர நாற்காலிக்கான இடத்தில் தூங்கும் பிள்ளையோடு தள்ளுவண்டி நின்றது. நகரும்படி சாரதி கேட்டார், தாய் மறுத்தார், சக்கர நாற்காலியில் வந்தவர் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார். 2017 ஜனவரியில் நீதிமன்றம், கேட்டுவிட்டு விட்டுவிடுவது போதாது, சாரதி மேலும் முயல வேண்டும் என்றது. தேவைப்பட்டால் சில நிமிடங்கள் பஸ்ஸை நிறுத்தி வைப்பதையும் ஒரு வழியாகச் சொன்னது. கடைசியில் அங்கும் பிரச்சினையின் சாவி நிறுத்தி வைக்கும் நிமிடங்களில் இருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூர் விரித்த வண்டிகளைப் பொது பஸ்களில் அனுமதித்தபோதும், சக்கர நாற்காலிக்கே முதலிடம் என்று விதித்தது. அந்த வரிசை சரியானது. வண்டி மடியும், பிள்ளையைத் தூக்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே பெற்றோர் இந்த விடயத்தில் மாற்றுத்திறனாளிகளின் பின்னால் அணிவகுக்க வேண்டும். இலங்கையில் அவர்களின் உரிமைகளைக் காக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது, ஐ.நா. சமவாயத்தை நாடு 2016 இல் ஏற்றுக்கொண்டது. சென்னையில் 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தள பஸ்கள் வீதிக்கு வந்ததற்குப் பின்னால், மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்காட்டம் இருக்கிறது. அதன் பயனை இன்று கைப்பிள்ளைக்காரரும் முதியவரும் சேர்ந்தே பெறுகிறார்கள். தாழ்தள பஸ் வாங்கப் பணம் வேண்டும், காலம் வேண்டும். நின்று ஏற்ற அவ்வளவு பணம் வேண்டாம். மாகாணத்துக்குள் ஓடும் தம்புள்ளை - சிகிரியா போன்ற தடங்களின் தனியார் பஸ்களுக்கு மாகாண அதிகார சபையும், மாகாணம் கடந்தவற்றுக்கு தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும் அனுமதிப்பத்திரம் கொடுக்கின்றன. கைப்பிள்ளையோடு ஏறுபவர் அமர்ந்த பின்பே புறப்பட வேண்டும் என்ற நிபந்தனையையும், சாரதிக்குப் பின்னால் பொதிக்கு ஒரு வார்ப்பட்டியையும் அந்தப் பத்திரத்தில் சேர்க்கலாம். வசூல் பங்குக்குப் பதில் நிலையான சம்பளம் வந்தால் அந்த நிபந்தனை தாளோடு நின்றுவிடாது.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியவை சில. ஒற்றைக் கையால் மடியும், ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய வண்டியை மட்டும் கொண்டுவாருங்கள். வீதியோரத்தில் மறிக்காமல், பஸ் நின்று புறப்படும் நிலையத்திலேயே ஏறுங்கள். பஸ் கண்ணில் படுமுன் மடித்துவிடுங்கள். ஒருவர் பிள்ளையோடு முதலில் ஏற, மற்றவர் வண்டியோடு பின்னால் ஏறுங்கள். போயா நாளைத் தவிர்த்து வாருங்கள். சாரதிகளுக்கும் நடத்துநர்களுக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: மடித்த வண்டியும் தோளில் பிள்ளையுமாக ஒருவர் படியில் கால் வைத்தால், அவர் அமரும்வரை அரை நிமிடம் நில்லுங்கள்.