வீட்டையும் சேர்த்துப் பார்க்கும் வைத்தியம்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் அமைந்த காரியாபட்டி முதற்கொண்டு, தெற்கே சாத்தூர், சிவகாசி வரை விரிந்து கிடக்கும் வானம் பார்த்த பூமியில், பள்ளிப் பிள்ளைகளின் ஆரோக்கியத்தைப் பற்றிச் சிந்திக்க முற்படுகிறவர், அவர்களுடைய தாய் தகப்பன் எந்த வேலைக்கு, எந்த வேளையில் புறப்படுகிறார்கள் என்பதை முதலில் விசாரித்தறிவது அவசியம். வெள்ளாமை பொய்த்துப் பட்டாசு ஆபீஸையும் தீப்பெட்டி ஆபீஸையும் கல்குவாரியையும் நாடிச் செல்கிற குடும்பங்களில், வீட்டின் கவலை பிள்ளையின் சரீரத்திலும் மனத்திலும் ஒருங்கே வந்து படிகிறது. ஆகையால் வீட்டை விலக்கிவிட்டுப் பிள்ளைக்கு மட்டும் செய்யும் வைத்தியம் பூரணமாகாது.

ஆலை வண்டி விடியலிலேயே வந்துவிடும் ஊர்களில், அடுப்பு மூட்ட அவகாசமின்றித் தாய் ஏறிச் செல்ல, பிள்ளை வெறும் வயிற்றோடு வகுப்பில் அமர்வதுண்டு. இப்பகுதியில் பிறந்த காமராஜர் முதலமைச்சராயிருந்தபோது 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவத் தொடங்கியது. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் ஆரம்பமான காலை உணவுத் திட்டமோ, காலைப் பசியையும் கருத்தில் கொண்டது. பசிக்கு அடுத்தபடி வருவது இரத்தசோகை. வளரிளம் பெண் சோர்ந்து, பாடத்தில் நாட்டமின்றி, எரிச்சலோடு இருந்தால், பெரியவர்கள் அதைச் சோம்பல் என்றும் அடங்காமை என்றும் கருதிவிடுகிறார்கள். பள்ளியில் வாரந்தோறும் வழங்கப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை அச்சோர்வின் காரணங்களில் ஒன்றைப் போக்க வல்லது என்பதை அறிந்த தாய் அதை அலட்சியம் செய்யமாட்டாள்.

இப்பகுதிக்கே உரிய துயரம் வேறொன்றும் உண்டு. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலைகள் வெடித்தன. 2024 மே 1-இல் காரியாபட்டி அருகே கல்குவாரியின் வெடிமருந்து வெடித்து உயிர்களைப் பறித்தது. இத்தகைய விபத்துக்குப் பின் ஒரு பிள்ளை தீபாவளி வேட்டுக்கு நடுங்குவதும், தாய் வேலைக்குப் புறப்படுகையில் வயிறு வலிக்கிறது என்று அழுவதும், உறக்கமின்றித் தவிப்பதும், படுக்கையில் சிறுநீர் கழிப்பதும் பாசாங்கல்ல. சொல்லத் தெரியாத அச்சம் உடம்பின் வழியாகப் பேசுவதே. மரணத்தை மறைக்காமல் எளிய சொற்களில் உண்மையைச் சொல்வதும், அழ விடுவதும், பள்ளி, விளையாட்டு, உறக்கம் என்னும் நித்திய ஒழுங்கை மெல்ல மீட்டுத் தருவதும் முதல் பரிகாரங்கள். வாரங்கள் கடந்தும் அறிகுறிகள் நீங்காவிடில் வைத்தியரை நாடத் தாமதிக்கலாகாது.

அதற்குரிய வாயில்கள் திறந்தே இருக்கின்றன. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிகளுக்கே வந்து, பிறவிக் குறை, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பரிசோதிக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களை அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் காணலாம். 2022 அக்டோபரில் ஆரம்பமான 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் தமிழில் ஆலோசனை பெறலாம். ஆபத்திலுள்ள குழந்தைக்கு 1098 இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் அநேகர் அணுகத் தயங்குவதற்குக் காரணம், 'கோட்டி பிடித்த பிள்ளை' என்று ஊர் பேசிவிடுமோ என்னும் சங்கோசமே. காய்ச்சலுக்கு மருந்து கேட்க நாணாத நாம் மனத்தின் நோவுக்கு நாணுவது நியாயமன்று. கோயிலில் நேர்ந்துகொள்வதும் மருத்துவரிடம் செல்வதும் ஒன்றுக்கொன்று விரோதமுமல்ல. பெற்றோரே பெரும்பான்மையராக அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்கள், கட்டடத்தையும் கழிப்பறையையும் பற்றிப் பேசும் கூட்டத்திலேயே, எந்தப் பிள்ளை சில நாட்களாய் வரவில்லை, எந்த வீட்டில் விபத்தோ குடியோ கடனோ நுழைந்திருக்கிறது என்பதைப் பரிவோடும் இரகசியம் காத்தும் கவனித்து, அவ்வீட்டாரோடு மருத்துவமனை வரை துணை செல்ல ஒருவரை நியமித்துவிட்டால், அரசாங்கத்தின் ஏற்பாடுகள் காகிதத்தைக் கடந்து பிள்ளையின் வீட்டு வாசலை வந்தடையும்.