காணிக்கைக்கு முன்னே கூலி

விவிலியம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன குடும்ப ஜெபமும், ஞாயிறு திருப்பலியில் கேட்கும் வாசகங்களும்தாம். பத்துக் கட்டளைகளை ஒப்பிக்க நமக்குத் தெரியும். மலைப்பொழிவின் பேறுகளையும் பிழையின்றிச் சொல்வோம். ஆனால் அதே விவிலியம் தராசைப் பற்றியும், கூலியைப் பற்றியும், அடகைப் பற்றியும், அறுவடை முடிந்த காட்டைப் பற்றியும் எத்தனை இடங்களில் பேசுகிறது என்பதை நாம் கவனித்திருக்கிறோமா?

இதற்கு ஒரு காரணம் உண்டு. இஸ்ராயேல் மக்களின் நாடும் நமது கரிசல் பூமியைப் போல வானம் பார்த்த பூமியே. எகிப்து நாட்டுக்கு நைல் நதி இருந்தது. இவர்களுக்கோ முன்மாரியும் பின்மாரியும் தவறாமல் பெய்தால்தான் விளைச்சல் என்று இணைச்சட்டம் கூறுகிறது. நமக்கு அந்த இடத்தில் இருப்பது ஐப்பசி, கார்த்திகை மழை. (இத்தகைய மானாவாரி விவசாயத்துக்காகவே நமது கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது என்பது நம் ஊருக்குப் பெருமை.) மழையை நம்பி வாழும் ஊரில் கூலியாளின் வீட்டில் சேமிப்பு இராது. அன்றைய கூலிதான் அன்றைய உலை அரிசி. ஆகவேதான் கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்காதே என்று லேவியர் நூலும், கதிரவன் மறையுமுன் கொடுத்துவிடு என்று இணைச்சட்டமும் கட்டளையிடுகின்றன.

இதே கருத்தை இன்னும் கடுமையாகச் சொல்வது சீராக்கின் ஞானம். கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள இந்த ஞான நூல், பிரிவினைச் சபையாரின் வேதாகமத்தில் பொதுவாக இடம்பெறுவதில்லை. ஆனால் நம் கையில் இருந்தும் நாம் அதிகம் புரட்டாத நூல் இது! இதன் 34-ஆம் அதிகாரம், ஏழையின் பொருளைப் பறித்துச் செலுத்தும் பலியை, தந்தையின் கண்முன் மகனைக் கொல்வதற்கு ஒப்பிடுகிறது. கூலியாளின் கூலியைப் பறிப்பது இரத்தம் சிந்துவதாகும் என்றும் கூறுகிறது. அதாவது, கூலியில் பிடித்த பணத்தைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்தால் ஆண்டவர் அதை ஏற்பதில்லை.

இந்த ஓர் அதிகாரம் ஒரு குருவானவரின் வாழ்வையே மாற்றியது. அவர் பர்த்தலோமேயு தெ லாஸ் காசாஸ். ஸ்பெயின் நாட்டவரான இவர் 1502-இல் அமெரிக்கத் தீவுகளுக்குச் சென்றார். கியூபா தீவில் இவருக்கு நிலமும், அதில் கட்டாயமாக உழைக்கும் பூர்வகுடி மக்களும் ஒதுக்கப்பட்டிருந்தனர். அவர்களது உழைப்பில் செல்வமும் பெருகியது. 1514-இல் பெந்தெகொஸ்து திருநாள் பிரசங்கத்துக்காக விவிலியத்தைப் புரட்டியபோது சீராக்கின் இந்தப் பகுதி கண்ணில் பட்டது. அதன்பின் அவரால் நிம்மதியாகப் பலிபீடத்தில் நிற்க முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 15, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளில், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களை விட்டுவிடுவதாகப் பிரசங்கத்திலேயே அறிவித்தார். பிறகு 1566-இல் இறக்கும்வரை அம்மக்களுக்காக வாதாடினார்.

ஆகஸ்டு 15 என்றால் நமக்குக் காமநாயக்கன்பட்டி அல்லவா! அன்று பரலோக மாதா ஆலயத்துக்கு எத்தனை ஊர்களிலிருந்து மக்கள் திரளுகிறார்கள்! காணிக்கைகளுக்கும் குறைவில்லை. அந்தத் தலத்தில் பணிபுரிந்தவர்தாம் வீரமாமுனிவர். அவரைத் தமிழ்ப் பாடத்தில் ‘தேம்பாவணி’க்காகவும் ‘சதுரகராதி’க்காகவும் படிக்கிறோம். ஆனால் 1727-இல் ‘வேதியர் ஒழுக்கம்’ என்றொரு உரைநடை நூலும் அவர் எழுதினார். அது ஊர் ஊராகச் சென்று வேதம் போதிக்கும் உபதேசியார்களுக்கானது. மற்றவருக்குப் போதிப்பவனின் சொந்த நடத்தையே அந்நூலின் பொருள். ‘தேம்பாவணி’யின் தலைவரும் ஓர் அரசரல்லர், தச்சுத் தொழிலாளியாகிய புனித சூசையப்பர். மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாகத் திருச்சபை ஏற்படுத்தியது 1955-இல்தான். நம் பக்கத்தில் பணிசெய்த முனிவரோ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அவரைக் காவியத் தலைவராக்கிவிட்டார்.

வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் நான்கு என்று ஞானோபதேசத்தில் படிக்கிறோம். கூலியாளின் கூலியைப் பறிப்பது அவற்றுள் ஒன்று. கொலையோடு சேர்த்து இதையும் ஏன் வைத்தார்கள் என்று சிறு வகுப்பில் எங்களுக்கு விளங்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ்களைச் சுற்றி வளரும் பிள்ளைகளுக்கு அது நாளடைவில் தானாகவே விளங்கும். குச்சி அடுக்கும் பெண்களுக்கு நாள் கணக்கில் கூலி இல்லை. கட்டைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கணக்கு எழுதுகிறவர் ஒரு கட்டையைக் குறைத்துக் குறித்தால், அடுக்கியவளின் விரல் வலி மட்டுமே மிச்சம். எங்கள் தோழியர் சிலரின் தாய்மார் இவ்வாறு ஏமாந்ததுண்டு. கேட்டால் அடுத்த வாரம் வேலை கிடையாது என்ற பயம்.

இதைவிடப் பெரிய அநீதியும் இங்கே நடந்தது. விடியுமுன் கிராமங்களுக்கு வந்த பஸ்கள், எங்களைவிடச் சிறியவர்களைத் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. பதினான்கு வயதுக்குட்பட்டோர் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வேலை செய்வதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 1996 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வைத்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்று நாங்கள் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்து கட்டுரை எழுதுவதற்கு இவையும் காரணம்.

உரிமையாளர்களை மட்டும் குறை கூறுவது எளிது. ஒரு தீப்பெட்டி பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாய்க்கே விற்று, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. அத்தனை ஆண்டுகளாக மருந்து விலையும் அட்டை விலையும் ஏறியபோது, அந்தச் சுமையை யார் சுமந்தார்கள்? மலிவாக வாங்கிய நாம் சுமக்கவில்லை.

தராசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கள்ளத் தராசு ஆண்டவருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் தெளிவாகவே சொல்கிறது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கடலைமிட்டாய்க்கும், மளிகைக் கடைப் பருப்புக்கும் அது ஒன்றுபோலவே பொருந்தும். அடகு பற்றிய சட்டம்தான் எங்களை வியக்க வைத்தது. மாவு அரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்காதே என்கிறது இணைச்சட்டம். அதை எடுத்துவிட்டால் அவர்கள் எதைக் கொண்டு உண்பார்கள்? இக்காலத்தில் ஒரு விதவையின் தையல் மிஷினை அந்தக் கல்லின் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். அறுத்த வயலில் சிந்திய கதிர்கள் ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியவை என்ற சட்டமும் அப்படியே. ரூத்து போவாசின் வயலில் பிச்சை கேட்கவில்லை, தனக்குச் சட்டம் தந்த உரிமையைப் பொறுக்கினாள். நம் காடுகளிலும் அறுவடைக்குப் பின் பொறுக்க வருகிறவர்களை விரட்டாத சம்சாரிகள் உண்டு. அவர்கள் லேவியர் நூலைப் படித்திருக்க மாட்டார்கள்!

திராட்சைத் தோட்டத் தொழிலாளர் உவமையில் மட்டும் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. காலை முதல் வெயிலில் உழைத்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் ஒரே தெனாரியமா, அது அநியாயம் என்கிறார்கள் ஒரு சாரார். மற்ற சாராரோ, கடைசியில் வந்தவர்கள் அதுவரை எங்கே இருந்தார்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் உறங்கவில்லை, சந்தை வெளியில் நின்றிருந்தார்கள். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்றே பதில் சொன்னார்கள். மழை பொய்த்த ஆண்டில் களைக்கொத்தும் தூக்குச்சட்டியுமாக விடியற்காலையிலேயே வந்து பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து, உச்சிப் பொழுதாகியும் யாரும் கூப்பிடாமல் நிற்கிறவர்களை நாம் கண்டிருக்கிறோம்.